விடுதலை என்று போடுகிறீர்கள், காரணத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலையில் காரை மறித்து அரிவாளைக் காட்டி நகை பறித்த வழக்கில், கீழ்க்கோர்ட்டு கொடுத்த தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்று ஒரு செய்தி வந்தால் போதும், அதற்குக் கீழே வசவு மழைதான். "காசு விளையாடிவிட்டது", "போலீஸ் கஷ்டப்பட்டுப் பிடித்தால் கோர்ட்டு விட்டுவிடுகிறது", "இவனுங்களை எல்லாம் என்கவுன்ட்டர் பண்ணணும்" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். கோபம் புரிகிறது. ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு வண்டியில் போகும்போது கழுத்தில் கத்தி வைக்கப்பட்டவர்களின் நிலைமையை நினைத்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. குற்றவியல் கோர்ட்டில் கேஸ் கட்டுகளோடு பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேல்முறையீட்டுக்கு அனுப்பும் கட்டுகளைப் புரட்டிப் புரட்டி எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே உங்கள் பத்திரிகையிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

முதலில் தண்டனை எவ்வளவு கடுமையானது என்று பார்த்துவிடலாம். சாதாரண வழிப்பறிக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 392-வது பிரிவில் அதிகபட்சம் 10 ஆண்டு. அதே வழிப்பறி நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்ததிலிருந்து உதிப்பதற்குள் நடந்திருந்தால் 14 ஆண்டு வரை போகலாம். 1860-லேயே எழுதி வைத்த வரி அது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-வது பிரிவிலும் அப்படியே இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, ஆயுள் தண்டனைகூட கொடுக்கலாம். கொள்ளையின்போது கொலைக்கருவியைப் பயன்படுத்தினால் பழைய சட்டத்தின் 397-வது பிரிவு வந்துவிடும், அதில் ஏழு ஆண்டுக்குக் குறைத்துத் தண்டனை கொடுக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. இவ்வளவு கடுமையான தண்டனையை ஒருவர் தலையில் சுமத்தும்போது, "இந்த ஆள்தான் செய்தான்" என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்பார்ப்பதில் என்ன தப்பு? கொள்ளை நடந்தது என்பதை அங்கே பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. செய்தது யார் என்பதில்தான் முழுச் சண்டையும்.

இந்த வழக்குகள் பெரும்பாலும் எங்கே உடைகின்றன என்றால், அடையாளத்தில். யோசித்துப் பாருங்கள், நள்ளிரவு, தெருவிளக்கு இல்லாத சாலை, எதிரே முகத்தில் அடிக்கும் வண்டி விளக்கு, வந்தவர்கள் முகத்தில் துணி. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் நடுங்கிக்கொண்டே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கிறார். எழுதுபவர் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று எழுதி முடித்துவிடுகிறார். ஒருவன் குட்டையாக இருந்தான், ஒருவன் காலை இழுத்து நடந்தான், ஒருவன் பேச்சு வேற்றூர்ப் பேச்சாக இருந்தது, முகத்துணி நழுவியபோது கன்னத்தில் தழும்பு தெரிந்தது, இப்படி எதுவும் முதல் தகவல் அறிக்கையான எப்.ஐ.ஆரில் இருக்காது. சொன்னவர் சொல்லியிருப்பார், எழுதியவர் எழுதியிருக்க மாட்டார். சில வருடம் கழித்துக் கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்று அதே மனிதர் "இவர்தான், இவர்தான்" என்று வரிசையாகக் கை காட்டுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே கேள்வி கேட்பார்: "இந்தத் தழும்பை முதல் நாள் ஏன் சொல்லவில்லை?" அதற்குப் பதில் இருக்காது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் அடையாள அணிவகுப்பு என்று ஒன்று இருக்கிறது. கைதானவரை, பார்க்க அவரைப் போலவே இருக்கும் வேறு ஆட்களோடு சிறைக்குள் கலந்து நிற்க வைத்து, மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சி அடையாளம் காட்ட வேண்டும். இதுவே தனிச் சான்று ஆகிவிடாது, கோர்ட்டில் சொல்லும் சாட்சியத்துக்கு வலு சேர்ப்பதுதான் இதன் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1970-லேயே புத்சேன் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அந்த வலு இல்லாமல் போனால் என்ன ஆகும்? முன்பின் தெரியாத ஒருவரை அணிவகுப்பே இல்லாமல் நேராகக் கோர்ட்டில் அடையாளம் காட்டினால் அதற்கு மதிப்பே இல்லை என்று 1979-ல் கேரளத்திலிருந்து போன கண்ணன் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. அணிவகுப்பு நடத்தாததாலேயே வழக்கு விழுந்துவிடாது, சாட்சி நம்பத் தகுந்தவராக இருந்தால் போதும் என்று பிற்பாடு வந்த தீர்ப்புகளும் உண்டு. சரி, இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் விசாரணை அதிகாரிக்குச் செய்தி ஒன்றுதான்: சீக்கிரம் நடத்து, ஒழுங்காக நடத்து.

நடப்பது என்ன? தனிப்படை ஆட்களைப் பிடிக்கிறது. அன்று சாயங்காலமே வரிசையாக உட்கார வைத்து, முன்னால் மேஜையில் நகை, பணம், அரிவாள் எல்லாவற்றையும் பரப்பிப் படம் எடுக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்தப் படம் பத்திரிகையில் வருகிறது, அதற்கும் முன்பே செல்போனில் சுற்றிவிடுகிறது. பறிகொடுத்தவர் அதைப் பார்க்காமல் இருப்பாரா? அவர் நகை ஆயிற்றே, பத்துப் பேர் அனுப்பி வைப்பார்கள். அப்புறம் வாரக்கணக்கில் கழித்துச் சிறையில் அணிவகுப்பு நடத்தி, அவர் சரியாக அடையாளம் காட்டினால் அதன் பொருள் என்ன? கொள்ளையடித்தவனை அடையாளம் காட்டினாரா, பேப்பரில் பார்த்த முகத்தை அடையாளம் காட்டினாரா? யாராலும் சொல்ல முடியாது, அவராலேயே சொல்ல முடியாது. நினைவில் இரண்டு முகமும் கலந்துவிட்டிருக்கும். சந்தேகத்தின் பலன் அங்கேயே குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் போய்விடுகிறது. பிடிபட்டவர் நிஜமாகவே கொள்ளைக்காரராக இருந்தாலும் போய்விடுகிறது, அதுதான் என் ஆதங்கம்.

அடுத்தது பறிமுதல். உங்கள் செய்திகளிலேயே ஒரு வாசகம் அச்சு மாறாமல் வரும்: "வாகனச் சோதனையின்போது சந்தேகத்துக்கிடமாக நின்றவரைப் பிடித்து விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் கூறினார், தீவிர விசாரணையில் கொள்ளையில் ஈடுபட்டதை ஒப்புக்கொண்டார்." போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது, இது 1872-ன் சாட்சியச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ஒரே விலக்கு, பழைய 27-வது பிரிவு. கைதானவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். இந்த எல்லையை வகுத்ததே அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுகூரி கோட்டையா வழக்குதான், சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்த தீர்ப்பு. "என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்பது செல்லும், "அதை வைத்துத்தான் குத்தினேன்" என்பது செல்லாது. எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னமும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

கேஸ் கட்டைத் திறந்தால் ஏ1, அதாவது முதல் எதிரி, வாக்குமூலம், ஏ2 வாக்குமூலம், ஏ3 வாக்குமூலம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கடைசியிலும் "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்" என்று ஒரே வரி. ஆள் மாறும், மொழி மாறாது, பல சமயம் கையெழுத்தும் மாறாது. எல்லாவற்றிலும் சாட்சிக் கையெழுத்து அதே கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் போனோம் என்பதில் இருவரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பிறழ்சாட்சியாகி "ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். 1983-ல் ஆந்திரத்து வழிப்பறி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பல பேர் பிடிபட்டிருக்கும்போது யார் என்ன தகவல் கொடுத்தார், அதிலிருந்து எது கிடைத்தது என்று தனித்தனியாக, அவரவர் சொன்ன சொல்லிலேயே பதிவு செய்திருக்க வேண்டும் என்று. எல்லோரும் சேர்ந்து காட்டினார்கள் என்று மொத்தமாக எழுதினால் அது யாருக்கு எதிராகவும் நிற்பது கஷ்டம்.

கைப்பற்றும் நகையோ பாதி நேரம் உருக்கிய கட்டியாக வரும். தாலிச் சரடாகவே கிடைத்தால் பறிகொடுத்த அம்மா ஆயிரம் சரடுக்கு நடுவில்கூடத் தன்னுடையதை எடுத்துவிடுவார், கட்டியைக் காட்டி "இது என்னுடையது" என்று யார் சத்தியம் செய்ய முடியும்? அந்தத் தங்கத்தை வாங்கி உருக்கியவரை உருப்படியான ஆவணத்தோடு சாட்சியாகக் கொண்டு வந்தால்தான் சங்கிலி அறுபடாமல் இருக்கும். அவரைக் கொண்டு வருவதே இல்லை, வந்தாலும் பில் இருக்காது, கணக்குப் புத்தகம் இருக்காது. பணம் என்றால் கேட்கவே வேண்டாம், ரூபாய் நோட்டுக்கு என்ன அடையாளம்?

397-வது பிரிவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "தண்டனை குறைப்பு" என்ற தலைப்பில் வரும் செய்திகள் பலவற்றின் பின்னால் இதுதான் இருக்கும். ஆயுதத்தை ஓங்கிக் காட்டினாலே அது "பயன்படுத்தியது" ஆகும், வெட்ட வேண்டியதில்லை என்று 1975-ல் பூல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதே தீர்ப்பில், இந்தப் பிரிவு ஆயுதத்தைப் பயன்படுத்திய ஆளை மட்டும்தான் பிடிக்கும், கூட நின்றவரைப் பிடிக்காது என்றும் சொன்னார்கள். ஐந்து பேரில் எவன் கையில் அரிவாள் இருந்தது என்று சாட்சி சொல்லவில்லை என்றால், ஐந்து பேருக்கும் 397 போட்ட கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு மேலே நிற்காது. அப்போது குற்றம் நிரூபணமாகியிருந்தால் கூட்டுக்கொள்ளைக்கான 395-வது பிரிவில் தண்டனை இருக்கும், ஆனால் அளவு குறையலாம். செய்தியில் அது "நிவாரணம்" என்று வரும், படிப்பவருக்கு நீதிபதி இரக்கப்பட்டுவிட்டார் என்று தோன்றும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய கேஸ் உள்ளவன், குறிப்பிட்ட சமூகத்துக்காரன் என்பதற்காகவே பிடித்துக் கொண்டு வருவது நம்மூரில் புதிதில்லை. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்தே ஆளைக் குற்றவாளி ஆக்கியது, அதன் கைரேகைப் பதிவை எதிர்த்ததற்காக 1920-ல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் 1952-க்குள் நாடு முழுவதும் போய்விட்டது, பழக்கம் முழுசாகப் போகவில்லை. துப்பு கிடைக்காத நெடுஞ்சாலைக் கொள்ளை, மேலிடத்து நெருக்கடி, ஒரு பழைய பட்டியல், இந்த மூன்றும் சேரும் இடத்தில் செய்யாதவன் மாட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அவனுக்கு இருக்கிற ஒரே கதவு மேல்முறையீடு. அந்தக் கதவும் லேசில் திறப்பதில்லை. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும், வசதி இல்லாவிட்டால் அரசு செலவில் வக்கீல் வைக்க வேண்டும் என்று ஹாஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லியாகிவிட்டது. வக்கீல் வரவில்லை என்பதற்காகக் கட்டைப் படிக்காமல் அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 1996-ல் பானி சிங் வழக்கில் சொன்னார்கள். அப்பீலைச் சீக்கிரம் விசாரிக்க முடியவில்லை என்றால் அதுவரை ஜாமீனில் விடுவதுதான் முறை என்று 1977-ல் காஷ்மீரா சிங் வழக்கில் சொல்லிவிட்டு, இப்படிக் கேட்டார்கள்: ஐந்தாறு வருடம் உள்ளே இருந்த பிறகு நிரபராதி என்று தீர்ப்பு வந்தால், அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது? இன்றும் அப்படி உள்ளே கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாதிக்கப்பட்டவர்களை நான் மறக்கவில்லை. சொல்லப்போனால் மோசமான விசாரணையால் இரண்டு தடவை கொள்ளை போவது அவர்களுக்குத்தான். அவர்களுக்கும் உரிமை உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2009 டிசம்பர் 31 முதல், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்தோ, குறைந்த பிரிவில் தண்டித்ததை எதிர்த்தோ பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அரசு வக்கீலுக்கு உதவியாகத் தன் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ளவும் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். கைப்பற்றிய நகையைப் படம் எடுத்து, மகஜர் (விவரப் பதிவு) எழுதி, உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், பொருட்களைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உத்தரவு இருக்கிறது. அப்பீல் முடிகிற வரை நகை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு வழக்கு விடுதலையில் முடிந்தால் ஏன் முடிந்தது என்று ஒவ்வொரு மாநிலமும் ஆராய ஏற்பாடு செய்ய வேண்டும், அலட்சியமாகப் புலனாய்வு செய்த அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2014 ஜனவரியில் குஜராத்துக் கிஷன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. தீர்ப்பைத் திட்டி எழுதுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்த வழக்கில் அந்த ஆய்வு நடந்ததா? அணிவகுப்பைத் தள்ளிப் போட்டது யார்? பார்த்த இடத்து வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் வரைபடம் தயாரித்தது யார்?

இப்போது சாக்குச் சொல்லவும் இடமில்லை. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு கட்டாயமாக்கிவிட்டது. நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிக் கேமரா இருக்கிறது, 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம் என்பதால் எந்த வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது என்ற கணக்கு இருக்கிறது, செல்போன் டவர் விவரம் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டு வாங்கும்போது கூடவே மின்னணுச் சான்றுக்கான சான்றிதழையும் வாங்க வேண்டும், அது இல்லாமல் நகலைக் கொண்டு வந்து கொடுத்தால் கோர்ட்டு ஏற்காது என்று 2014-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும், ஆகவே முதல் வாரத்திலேயே வாங்கியாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தை விட இது ஆயிரம் மடங்கு உறுதி.

கடைசியாக, உங்களிடம் கேட்பது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், எந்தச் சந்தேகம் என்று இன்னும் நாலு வரி சேர்த்துப் போடச் சொல்லுங்கள் உங்கள் நிருபர்களிடம். அணிவகுப்பு கைதாகி எத்தனை நாள் கழித்து நடந்தது, எப்.ஐ.ஆர் மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, அந்த நேரம் எப்.ஐ.ஆர் மேலேயே அவர் கையொப்பத்தோடு இருக்கும், நகையை அடையாளம் காட்டியது யார், இவ்வளவு போதும். அதை விட முக்கியம், கைதானவர்களின் படத்தை அணிவகுப்பு முடியும் முன் அச்சிடாதீர்கள். காவல்துறையே அனுப்பி வைத்தாலும் வேண்டாம், முகத்தை மறைத்துப் போடுங்கள், அல்லது நகையை மட்டும் போடுங்கள். நீங்கள் முதல் பக்கத்தில் போடும் அந்த ஒரு படத்தை வெட்டி எடுத்து, எதிர்த்தரப்பு வக்கீல் பத்திரமாக வைத்திருந்து, சாட்சியிடம் நீட்டி "இதைப் பார்த்தீர்களா?" என்று கேட்பார். சாட்சி பொய் சொல்லத் தெரியாதவராக இருந்தால் "பார்த்தேன்" என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்